எருமைக்கு ஒரு சாவு வேண்டும் என்றார்கள்

பழைய எந்திரம் ஒன்று திரும்ப வரப்போகிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று பெங்களூரிலிருந்து எங்கள் டீம் லீட் போன் செய்தபோது நான் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதி தக்காளிக் கிடங்கு. விலை விழுந்து லாரிகள் வராமல் போன வாரம் அது. அடுக்கி வைத்த கிரேட்டுகளிலேயே தக்காளி அழுகி, அந்தத் தண்ணீர் வாசல்வரை ஓடிக் காய்ந்து, அதன்மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மாடியில் என் கம்ப்யூட்டர் அறை. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். தக்காளி ஏற்றி அனுப்புவது என் கணவரின் தொழில். அவருக்கு அந்த நாற்றம் உறைப்பதே இல்லை. எனக்கோ சின்ன வயதிலிருந்தே குமட்டல் சீக்கிரம் வரும்.

ஆனால் லீட் சொன்னதைக் கேட்டதும் துப்பட்டாவை அவிழ்த்துவிட்டேன்.

"கிளாசிக் மேடம். முதல் கேம்ல வந்துச்சே, கையே இல்லாத மெஷின், அதேதான். ஃபேன்ஸ் ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்க" என்றார். லீட் என்னைவிட வயதில் சின்னவர். ஓசூர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசுவார்.

ராட்சத எந்திர மனிதர்கள் ஒன்றோடொன்று சண்டை போடும் வீடியோ கேம் அது. ஒவ்வொரு எந்திரமும் நாலு மாடி உயரம். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுவான். கேம் வெளிநாட்டுக் கம்பெனியுடையது. அதற்கு வேண்டிய உருவங்களைச் செய்து கொடுப்பது பெங்களூரில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனி. அவர்களுக்காக வீட்டிலிருந்தபடியே நான் வேலை செய்தேன். எந்திரத்தின் கால், முட்டி, ஆணி, துரு, கீறல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் உருட்டித் திரட்டி எடுப்பது என் வேலை. எங்கள் தெருவில் நான் கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை பூப்புனித நீராட்டு விழாவுக்கு டிசைன் கேட்டுக்கூட வந்தார்கள்.

அந்தப் பழைய எந்திரத்தை எனக்குத் தெரியும். சேலத்தில் இன்ஜினியரிங் படித்தபோது ஹாஸ்டலில் ஒருத்தியின் லேப்டாப்பில் அந்த முதல் கேம் இருந்தது. மற்றவர்கள் வாள் பிடித்த, இறக்கை வைத்த எந்திரங்களை எடுப்பார்கள். நான் இதைத்தான் எடுப்பேன். பின்பக்கமாக மடங்கிய இரண்டு கால்கள், பீப்பாய் போல ஒரு உடம்பு, தோளில் இரண்டு பீரங்கிப் பெட்டிகள், அவ்வளவுதான். முகம் கிடையாது. மெதுவாக வரும், ஆனால் லேசில் சாய்க்க முடியாது. கேமில் அதற்கு வேறு பெயர். நாங்கள் எருமை என்போம்.

கிளையண்ட், அதாவது அந்த வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பிய குறிப்புகளோடு ஃபேன்ஸ் எழுதியவற்றையும் தொகுத்து அனுப்பியிருந்தார்கள், எதை மாற்றக்கூடாது என்று நாங்கள் தெரிந்துகொள்வதற்காக. படித்ததும் முதல் அருவருப்பு அங்கேயே வந்தது. தோள் பெட்டி ஒரு இம்மி குறைந்தாலும் செய்தவன் கையை வெட்டுவேன் என்று ஒருவன். போன தடவை வேறொரு எந்திரத்தை மாற்றிச் செய்த பெண்ணை என்ன செய்ய வேண்டும் என்று இன்னொருவன் விளக்கமாக எழுதியிருந்தான். அதை இங்கே எழுத மாட்டேன். படித்த பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

ஆனாலும் வேலை பிடித்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கேமில் எருமை வெறும் கட்டங்களாலான பொம்மை. இப்போது அதன் முட்டியில் எண்ணெய்க் குழாய் எப்படி வளையும், எடை இறங்கும்போது எந்த ஆணி இழுபடும் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது. இணையத்தில் பார்த்த படங்கள் போதவில்லை. பாலக்கோடு போகும் வழியில் ஒரு தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரின் பைக்கில் போய் இறங்கி அந்த போர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். சேறும் கிரீஸும் குழைந்து குழாய்களில் ஒட்டியிருந்த விதம் எனக்கு வேண்டியிருந்தது.

வண்டி ஆபரேட்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "எதுக்குங்க மேடம் அடியில எல்லாம் பூந்து எடுக்கறீங்க? ஆர்டீஓ ஆபீஸா?"

"இல்லீங்க. கேமுக்கு. அதுல சண்ட போடற மெஷின் ஒண்ணு செய்யறேன்."

"சண்ட போடற வண்டின்னா அதுவும் போர் வண்டிதானே" என்று அவர் சிரித்தார். "அப்ப நம்ம வண்டி தண்ணி எடுக்கற போர் வண்டி, உங்க வண்டி உசுரு எடுக்கற போர் வண்டின்னு சொல்லுங்க."

கணவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஆபரேட்டர் பிறகு எனக்காகவே குழாயை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார்.

எருமை நன்றாக வந்தது. கிளையண்ட் பக்கத்திலிருந்து முதல் தடவையிலேயே ஒப்புதல் வந்தது. அதன் பிறகு அசிங்கங்கள் தொடங்கின. கேமுக்குள் தனியாக விற்பதற்காக அதற்கு விதவிதமாகச் சட்டை மாட்டச் சொன்னார்கள். ரோஸ் நிறத்தில் ஒன்று, பீரங்கி வாயில் தங்கப் பல் வைத்து ஒன்று, பின்புறத்தை ஆட்டி நடனமாடுவதற்கு ஏற்ற மாதிரி ஒன்று. அந்த முகமில்லாத உடம்புக்குப் பல் வைத்த அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சரி, சோறு போடும் வேலை, இப்படித்தான் இருக்கும் என்று செய்து கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. எருமை தோற்றுப் போனால் எப்படிச் சாக வேண்டும் என்பது.

"கிளாசிக் மெஷினுக்கு கிளாசிக்கா ஒரு சாவு வேணும் மேடம்" என்றார் லீட். "முன்பக்கக் கதவு கிழிஞ்சு உள்ள இருக்கற ஆளு தெரியணும். எரிஞ்ச மாதிரி. கிளையண்ட் ரியலா கேக்கறாங்க. ஒரு ஃபோல்டர் அனுப்பறேன், அதப் பாத்துச் செய்ங்க."

மதிய வேளை. மாமியார் களியும் கீரைக் கடைசலும் தட்டில் வைத்து மாடிக்கே கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் ஃபோல்டரைத் திறந்தேன். எரிந்த டாங்கிகள். எந்த நாடு என்று எழுதியிருக்கவில்லை. டெலிவிஷனில் தினமும் காட்டுகிறார்களே, அந்த மாதிரி ஏதோ ஒரு சண்டை. பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்த விதம், இரும்பு வெந்து நீலமும் பழுப்புமாக மாறியிருந்த விதம், இதெல்லாம்தான் முதலில் என் கண்ணில் பட்டன. நல்ல ரெஃபரன்ஸ் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். ஒரு படத்தில் கதவின் ஓரம் கரி வழிந்து, ஐந்து கோடுகளாகப் பிரிந்து அழகாக இருந்தது. அதைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

அது கரி இல்லை. கை.

கதவைப் பிடித்து வெளியே வரப் பார்த்திருக்கிறான். விரல்கள் கதவோடு ஒட்டி, கதவின் நிறத்துக்கே போயிருந்தன. என் விரல்களில் களி ஒட்டியிருந்தது. பாத்ரூம்வரை போக முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கீழே கிரேட் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என் மாமியாரிடம் ஜாடையாக ஏதோ கேட்டுச் சிரித்தது காதில் விழுந்தது. விசேஷமா என்று கேட்டிருப்பார்கள்.

முகம் கழுவிவிட்டு லீடுக்கு போன் செய்தேன்.

"அந்த ஃபோல்டர்ல இருக்கறதெல்லாம் நிஜமுங்களா?"

"நெட்ல கெடைக்கறதுதான் மேடம். எல்லாரும் யூஸ் பண்றாங்க."

"அதுல ஆளுங்க இருக்காங்க."

"ஆளுங்கள பாக்காதீங்க. மெட்டல மட்டும் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வேலையையும் சேர்த்து அவரே செய்தவர். அந்தக் குரலில் எந்த வித்தியாசமும் இல்லை, போனில் சாப்பாடு ஆர்டர் செய்கிற மாதிரியே இருந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. மெட்டலை மட்டும் பார்க்க அவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதும் ஆறவில்லை. அதைத்தானே முதல் பார்வையிலேயே நான் செய்தேன்.

ஃபோல்டரை அழித்தேன். எரிந்த இரும்புக்கு வேறு வழி தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து மட்டன் குழம்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். கணவர் காரணம் கேட்டார். சொன்னேன். "வெறும் வண்டி எரிஞ்சதுதானே வேணும்? போலீஸ் ஸ்டேஷன் பின்னாடி நெறைய கெடக்குது. தெரிஞ்ச கான்ஸ்டபிள் ஒருத்தர் இருக்காரு, வா போலாம்" என்றார்.

அந்த ஸ்டேஷன் தர்மபுரியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பின்னால் வேலிக்காத்தான் முளைத்த திடலில் விபத்தில் சிக்கிய வண்டிகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனவைதான் பாதிக்கு மேல். கணவர் வாசலில் கான்ஸ்டபிளோடு பேசிக்கொண்டிருக்க, நான் உள்ளே போனேன். ஓரமாக ஒரு லாரி முழுக்க எரிந்து நின்றது. டயர்கள் போய், உள்ளிருந்த கம்பிகள் மட்டும் சிடுக்கு விழுந்த முடி மாதிரி சுருண்டு கிடந்தன. கண்ணாடி உருகி மெழுகாக வழிந்து உறைந்திருந்தது. டீசல் டேங்க் இருந்த இடத்தில் தகடு உருகி வெள்ளியாக உறைந்து தொங்கியது. எனக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. இங்கே ஆள் இல்லை என்ற தைரியத்தில் நிறையப் படங்கள் எடுத்தேன்.

"இன்சூரன்ஸ்ல இருந்து வர்றீங்களாக்கா?"

திரும்பினேன். ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பக்கத்து லாரியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பே அங்கேதான் இருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க போட்டோ? இது எங்கூட்டுக்காரர் ஓட்டுன வண்டி. எங்கண்ணன் உள்ள பேசப் போயிருக்கு."

ஏதாவது சொல்லி நழுவியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கம்ப்யூட்டர் கேமுக்குங்க. அதுல ஒரு மெஷின் எரியும். எரிஞ்சா எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன்" என்றேன்.

"கேமுக்கா?"

"ஆமாங்க."

"அதுல உள்ள ஆளு இருக்குமா?"

"இருக்குங்க."

"அந்த ஆளு என்ன ஆவான்?"

"செத்துருவான். அடுத்த ஆட்டத்துல திரும்ப வந்துருவான்."

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வாசலில் அழுகிய தக்காளித் தண்ணீரைத் தாண்டும்போது நான் பார்க்கிற பார்வை அது. எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. என்மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"அழிச்சிருங்க" என்றார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போனை அவருக்குத் தெரியும்படி பிடித்து, ஒவ்வொன்றாக அழித்தேன். முடிந்தது என்று எழப் போனபோது, "டிராஷ்னு ஒண்ணு இருக்குமில்ல, அதுலயும் எடுத்துருங்க" என்றார். அதிலும் எடுத்தேன்.

  பிறகு அவரே ஆரம்பித்தார்.

"ஒரு உதவி பண்றீங்களா? ஸ்டீயரிங்குக்கு முன்னாடி சாமி படம் ஒட்டியிருப்பாரு. அதுக்குப் பக்கத்துல எம் பொண்ணு போட்டோ. காலைலருந்து உக்காந்திருக்கேன், எனக்கு எட்டிப் பாக்க தைரியம் வரல. எங்கண்ணனும் மாட்டேங்குது. நீங்க பாத்து, இருக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

 மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. படிக்கட்டின் இரும்பைப் பிடித்து ஏறினேன். ஸ்டீயரிங் வெறும் வளையமாக நின்றது. சீட்டின் ஸ்பிரிங்குகள், கியர் கம்பி, அவ்வளவுதான். முன்பலகை இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ உருகி, தொங்கி, இறுகியிருந்தது. மழை பெய்து காய்ந்தும் போகாத ஒரு வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு, இண்டு இடுக்கெல்லாம் தேடினேன். அவசரப்பட்டுப் பார்க்காமல் இறங்கிவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. காகிதத்தின் ஒரு துணுக்குகூட இல்லை.

இறங்கி வந்து, "நல்லா தேடிப் பாத்தேங்க. எதுவும் மிஞ்சல" என்றேன்.

"சரிங்க" என்றார். அழவில்லை. என் இரண்டு கைகளும் கரியாக இருந்ததைப் பார்த்து, கவரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஊற்றினார். நான் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. "வூட்ல போயி சோப்பு போட்டுக்கோங்க" என்றார். அதற்குள் அவருடைய அண்ணன் ஏதோ கையெழுத்துக்காகக் கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

திரும்பும் வழியில் அதியமான்கோட்டைப் பக்கம் டீக்கு நிறுத்தினோம். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கணவர், "இந்த வேல வேணாம் வுட்டுரு" என்றார்.

"எருமைய நான் முடிச்சுத்தான் குடுப்பேன். ஆனா நான் சொல்ற மாதிரி" என்றேன்.

அப்படியே செய்தேன். என் எருமை சாகும்போது கதவு திறக்காது. பீரங்கிகள் தாழும், பின்பக்கமாக வளைந்த முட்டிகள் மெதுவாக மடங்கும், முன்னால் சாய்ந்து மண்டியிட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து நின்றுவிடும். அவ்வளவு எடை கீழே இறங்குவது நம்பும்படி வருவதற்குள் படாத பாடுபட்டேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

லீட் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லாருக்கு மேடம். ஆனா தூங்கற மாதிரி இருக்கு. காசு குடுத்து விளையாடறவன் எதிரி தூங்கறதப் பாக்கவா வர்றான்?"

அந்தப் பகுதியை மட்டும் வேறொருவரிடம் கொடுத்தார்கள். எருமை வெளியான அன்று அதன் வீடியோவை மாடியில் தனியாகப் பார்த்தேன். நடை என்னுடையது, குழாய்கள் என்னுடையவை. அந்த போர் வண்டிச் சேறுகூட இருந்தது. அடி வாங்கியதும் கதவு கிழிந்தது. உள்ளே கரிக்கட்டையாக ஒருவன். அது செயற்கைதான், தாங்கிக்கொண்டேன். வீடியோவை நிறுத்திக் கதவின் ஓரத்தைப் பார்த்தேன். வழிந்து ஐந்தாகப் பிரிந்த கரி. செய்தவர் அதைப் பார்த்து வரையவில்லை. போட்டோவையே வெட்டி ஒட்டியிருந்தார்.

லீடைக் கூப்பிட்டேன். "அது ஒரு மனுஷனோட கைங்க. நிஜக் கை."

"யாருக்குத் தெரியப் போவுது மேடம்?"

"எனக்குத் தெரியுது. அவன் அம்மா பாத்தா அவளுக்குத் தெரியாதா?"

"அவங்க அம்மா எங்க மேடம் இந்த கேம் விளையாடப் போறாங்க?" என்று அவர் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டேன். அவ்வளவு நாள் இருந்த மரியாதை அந்தச் சிரிப்போடு போயிற்று. எதையோ மிதித்துவிட்டது போலக் கால்களை இழுத்து நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளையண்ட்டுக்கு நாங்கள் நேரடியாக எழுதக்கூடாது. எழுதினேன். எந்த இடத்தில், எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று விளக்கி அவர்களுடைய ஆர்ட் பிரிவுத் தலைவிக்கு அனுப்பினேன். நன்றி என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் அந்தக் கதவு மாறியிருந்தது. சில சிறு காட்சித் திருத்தங்கள் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அத்துடன் பெங்களூரிலிருந்து எனக்கு வேலை வருவது நின்றது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனிக்குச் சமையலறை அலமாரிகள் வரைந்து கொடுக்கிறேன்.

அந்த அப்டேட் வந்த அன்று, அறிவிப்பின் கீழே ஃபேன்ஸ் எழுதியிருந்ததையும் படித்தேன். படித்திருக்கக் கூடாது. கதவு மாறியதைக் கவனித்திருக்கிறார்கள். எப்படித்தான் கவனித்தார்களோ. பழைய கரிதான் ரொம்ப ரியலாக இருந்தது, எதற்கு மாற்றினீர்கள், அதையே திரும்பக் கொண்டு வாருங்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே வரிசையாக ஆமோதிப்புகள், இதயப் படங்கள். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே போய், கிரேட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண்களோடு சேர்ந்து வாசலைப் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். மாமியார் ஆச்சரியமாகப் பார்த்தார். அந்தப் பக்கமே வராதவள் நான்.